ஒரு நூல் தள்ளி

எங்கள் அத்தானுக்கு இந்த உலகத்தில் ஆகவே ஆகாத சொல் ஒன்று உண்டு. அது 'பரவாயில்லை'. காப்பியில் சர்க்கரை கொஞ்சம் குறைச்சல், பரவாயில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவர் முகம் சுருங்கிவிடும். "பரவாயில்லங்கிறவன் வீட்டுக் கதவு என்னைக்காவது ஒழுங்கா மூடுமா மச்சான்?" என்று என்னைக் கேட்பார். கேட்பதோடு நிற்கமாட்டார். எழுந்து போய் என் வீட்டுக் கதவை மூடிப் பார்ப்பார். அது மூடாது. அன்றைக்கு என் பொழுது அதோடு போச்சு.

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தீர்ப்புகளை நகல் எடுக்கிற குமாஸ்தா. நான் ராஜபாளையத்தில் ஒரு ஜின்னிங் பாக்டரியில், அதாவது பருத்தியில் கொட்டையை எடுத்துப் பஞ்சாக்குகிற இடத்தில், கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பஸ் ஏறினால் அக்கா வீடு. ஏறாமலேயே இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அத்தான் எந்தப் பொருளையும் நம்மைப் போல் பார்க்கமாட்டார். முதலில் இடது கண் மூடும். தலை கொஞ்சம் பின்னால் போகும். கட்டைவிரல் நீளும். அப்புறம் தீர்ப்பு வரும்: "ஒரு நூல் தள்ளியிருக்கு." நூல் என்பது ஆசாரிமார் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அத்தான் கணக்கில் அது மயிரிழையாகவும் இருக்கும், ஒரு முழமாகவும் இருக்கும். சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்வு. தோசை வட்டத்துக்கு ஒரு நூல் குறைவு. ஜட்ஜு நாற்காலி மேடையின் நடுவுக்கு ஒரு நூல் தெற்கே கிடக்கிறது என்று கோர்ட்டுச் சேவகன் டவாலியிடம் சொல்லி, அவன் நகர்த்தப் போய், ஜட்ஜு உட்காரும்போது நாற்காலி அங்கே இல்லை என்று கோர்ட்டில் ஒரு பேச்சு உண்டு. அது நிசமா என்று கேட்டால் அத்தான் பேச்சை மாற்றிவிடுவார்.

எங்கள் பெரியப்பா செத்தபோது பாடை தூக்கியாச்சு. சங்கு ஊதியாச்சு. பெண்கள் தெருமுனையில் மாரடித்து அழுகிறார்கள். அத்தானின் இடது கண் மெதுவாக மூடியது. ஆண்டவனே, இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஆண்டவன் கேட்கவில்லை. "செத்த நேரம் எறக்குங்க. கால்மாடு ஒரு நூல் தாழ்ந்திருக்கு" என்றார். இறக்கினார்கள். எதற்கு இறக்குகிறோம் என்று தெரியாமலே இறக்கினார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கயிற்றை அவிழ்த்துத் திருப்பிக் கட்டி, விரலால் ஓரம் பிடித்துப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் ஊர்வலம் நகர்ந்தது. பெரியப்பா உயிரோடு இருந்தபோதும் எதற்கும் அவசரப்படாத மனிதர். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இதிலெல்லாம் அதிகமாக அவஸ்தைப்பட்டவள் அக்காதான். தேர்க் கூட்டத்துக்கு நடுவில், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் நிற்கும்போது, "ஏட்டி, பொட்டு ஒரு நூல் எடது பக்கம் போயிருக்கு" என்பார். "பொட்டு இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு. ஒங்க கண்ணுதான் கோணக் கண்ணு" என்பாள் அக்கா. வாய்தான் அப்படிச் சொல்லும். விரல் தானாகப் போய்ப் பொட்டை நகர்த்திவிடும். கல்யாணமான நாளிலிருந்து என் அக்காவின் நெற்றியில் பொட்டு ஓரிடத்தில் நிம்மதியாக இருந்ததில்லை. அந்த ஊரில் அத்தான் குறை சொல்லாமல் விட்டது கோயில் கோபுரம் ஒன்றைத்தான்.

அக்கா வீட்டுக் கிணற்றில் வாளிக் கயிறு ஓடுகிற சகடை ஒன்று உண்டு. அதன் அச்சு தேய்ந்துபோய், இறைக்கும்போதெல்லாம் கழுத்தைத் திருகிய கோழி மாதிரிக் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தெருவில் பொழுது விடியும். சத்தம்கூடப் போகட்டும், பாதியில் சிக்கிக்கொண்டு அக்காவின் தோளை வாங்கிவிடும். "ஒரு அச்சு மாத்திக் குடுங்க. தோள்பட்டை கழண்டு போவுது" என்று அவள் கேட்டுக் கேட்டு, அத்தான் ஒருநாள் அச்சைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் பாக்டரிக்கு வந்தார்.

பாக்டரியில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற பிட்டர் தெலுங்கு பேசுகிறவர், நல்ல மனிதர். செத்த நேரத்தில் புது அச்சு கடைந்து கையில் கொடுத்தார். அத்தானின் இடது கண் மூடியது. ஒரு நூல் பெருசு என்றார். பிட்டர் குறைத்தார். இப்போது ஒரு நூல் சிறுசு. வேறு கம்பி எடுத்தார். அதுவும் சரியில்லை. சாயங்காலச் சங்கு ஊதியபோது பிட்டர் உளியைக் கீழே போட்டுவிட்டார்.

"சாலண்டி, சாலு! கிணத்துக்குத்தான கேக்கிறீங்க, கப்பலுக்கா?"

"போதும்னு தெலுங்குல சொன்னா கோணல் நிமிந்துருமா?" என்றார் அத்தான். அச்சை வாங்காமலே வெளியே வந்தார். "மச்சான், இனிமே நானே கடைஞ்சுக்கிடுதேன்."

அங்கேதான் நான் வாயை விட்டேன். பாக்டரிக் கொல்லையில், வேப்பமரத்தடியில், பழைய லேத்து ஒன்று கிடந்தது. இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற இயந்திரம். இது தையல் மிஷின் மாதிரி காலால் மிதிக்கிற வகை. பெரிய லேத்து வந்த பிறகு இதை வெளியே தள்ளிவிட்டார்கள். மழையில் நனைந்து, துருவேறி, கோழிகள் அதன் அடியில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. யாராவது அள்ளிக்கொண்டு போனால் இடம் காலியாகும் என்று முதலாளியே சொல்லிக்கொண்டிருந்தார். "லேத்து வேணும்னா அந்தா கெடக்கு, எடுத்துக்கிடுங்க" என்று நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அத்தானிடம் வேடிக்கை பேசக் கூடாது என்பது எனக்கு அதுவரை தெரியாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

மாட்டு வண்டியில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம். அக்கா வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னலே இது?"

"லேத்துக்கா."

"எதுக்கு?"

"சகடைக்கு அச்சு கடைய."

"ஒரு அச்சுக்கா இந்த யானை? ஏலே, அக்கா மேல ஒனக்கு என்னலே கோவம்?"

அதைக் கொல்லைக்குக் கொண்டுபோக முடியவில்லை. இரண்டாம் கட்டு வாசல் குறுகல். அதனால் நடுக்கூடத்திலேயே நின்றுவிட்டது. வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போக வேண்டும்.

மறுநாளிலிருந்து கோர்ட்டு விட்டு வந்ததும் அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்போது ஜெர்மன்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய் கிடைப்பதே அபூர்வம். கிடைத்ததையெல்லாம் லேத்தின் துருவுக்கு ஊற்றிவிட்டு, நாங்கள் அகல் விளக்கில் சாப்பிட்டோம். கழற்றிய திருகாணிகள் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் வெந்தயத்துக்கும் பக்கத்தில் இடம் பிடித்தன. ஒருநாள் என் இலையில் ரசத்தோடு ஒரு வாஷர் விழுந்தது. "ஆங்! இதத்தான் தேடிக்கிட்டே இருக்கேன்" என்று அத்தான் சந்தோஷமாக எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். ரசம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

லேத்து நிற்கிற தரை மட்டமாக இருக்க வேண்டுமாம். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்து, "வீடே ஒரு நூல் சாஞ்சிருக்கு" என்று அறிவித்தார். "ஈசானிய மூலைக்குத் தண்ணி ஓடணும்னு வீடு கட்டுனவன் வேணும்னேதான் சாய்ச்சிருக்கான். அதையும் நிமித்தப் போறியளா?" என்று அக்கா சண்டைக்கு வந்தாள். கடைசியில் வீடு சாய்ந்தபடியும் லேத்து நிமிர்ந்தபடியும் இருக்க, நாலு காலுக்கும் நாலு விதமான பலகைத் துண்டு வைத்து ஒரு சமாதானம் ஏற்பட்டது.

எல்லாவற்றையும்விட நாள் பிடித்தது லேத்தின் முதுகு. உளி முன்னும் பின்னும் நகர்கிற நீளமான இரும்புப் பரப்பு அது. அது மேடு பள்ளம் இல்லாமல் இருந்தால்தான் கடைவது நேராக வரும். அத்தான் காவிக்கல்லை இழைத்து விளக்கெண்ணெயில் குழைத்து ஒரு தட்டில் வைத்துக்கொள்வார். அந்தச் சிவப்புக் குழம்பை மட்டமான ஒரு இரும்புப் பலகையில் மெல்லிசாகத் தடவி, லேத்தின் முதுகில் வைத்துத் தேய்ப்பார். எங்கே மேடோ அங்கே மட்டும் சிவப்பு ஒட்டும். ஒட்டிய இடத்தைச் சுரண்டுவார். மறுபடி தடவுவார். மறுபடி வேறு இடத்தில் ஒட்டும். மறுபடி சுரண்டுவார். இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நமக்குப் பைத்தியம் பிடிக்கும். அவருக்கு அதில் அப்படி ஒரு நிம்மதி.

ஒன்று சொல்ல வேண்டும். கோழி முட்டையிட்ட அந்தத் துருப்பிடித்த கட்டை, போகப் போக, புது வெண்கலக் கும்பா மாதிரி மின்ன ஆரம்பித்தது. உடைந்த பல்சக்கரத்தைத் தானே அரத்தால் ராவிச் சரி பண்ணினார். மிதியை மாற்றினார். எல்லாம் ஆயிற்று. எனக்கே ஆசை வந்துவிட்டது.

"ஒரு மிதி மிதிச்சுத்தான் பாருங்களேன் அத்தான்."

"இன்னும் ஒரு நூல் இருக்கு மச்சான்."

ஆடி போய் ஆவணி வந்தது. அந்த ஒரு நூல் மட்டும் போகவில்லை. சகடை கத்திக்கொண்டே இருந்தது.

இதற்கிடையில் அக்காவின் மகளுக்கு நான் ஒரு இடம் பார்த்திருந்தேன். பையன் ராஜபாளையம் மில்லில் வேலை. தேவதானத்தில் நிலபுலம். தாய் இல்லை. பெரியம்மாதான் வளர்த்தது. பெரியம்மா சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. பெண் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா அத்தானைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"கூடத்துல இத வச்சுக்கிட்டு நான் எங்க பாய் விரிக்க? நல்லாக் கேட்டுக்கிடுங்க. அவிய வாறதுக்குள்ள இது ஓடணும். ஓடி, என் சகடைக்கு அச்சு வரணும். இல்லன்னா பழைய இரும்பு ராவுத்தர வியாழக்கிழமை வண்டியோட வரச் சொல்லிட்டேன்."

"ஒரு நூல்தான் பாக்கி..."

"அந்த நூலையும் ராவுத்தர்ட்டயே குடுத்துருங்க."

அத்தான் முகத்தில் ரத்தமே இல்லை. லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து சுரண்டினார். வியாழக்கிழமை மத்தியானம் நான் போனபோதும் தட்டில் காவி குழைத்து வைத்திருந்தார். "இன்னைக்குச் சாயங்காலம் முடிஞ்சிரும் மச்சான். ராவுத்தர மட்டும் செத்த நேரம் பேச்சுக் குடுத்து நிறுத்தி வை" என்று கெஞ்சினார்.

ராவுத்தருக்கு முன்னால் தேவதானத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்கள் அப்போது. மறுநாள் ஓடுமோ ஓடாதோ என்று, கிடைத்த பஸ்ஸில் ஒருநாள் முந்தியே ஏறிவிட்டார்களாம். தெருமுனையில் அவர்கள் இறங்குவதை என் மருமகள், அதாவது அந்தப் பெண்ணேதான், பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாள். வீடே அலங்கோலமாகிவிட்டது. அக்கா பெட்டியைத் திறந்து, கைக்குக் கிடைத்த தன் கல்யாணப் பட்டை எடுத்து லேத்தின் மேல் போட்டு மூடினாள். நல்ல காரியமாயிற்றே என்று பக்கத்தில் குத்துவிளக்கை ஏற்றி வைத்தாள். அத்தான் அவசரத்தில் காவித் தட்டை விளக்கடியில் வைத்துவிட்டுச் சட்டை மாட்ட ஓடினார்.

பெரியம்மா உள்ளே வந்தார். நல்ல உயரம், வெண்கலக் குரல். வந்தவர் பெண்ணைக் கேட்கவில்லை, எங்களை விசாரிக்கவில்லை. பட்டுப் போர்த்திய நீளமான உருவத்தையும் விளக்கையும் பார்த்ததும் நெருப்பை மிதித்ததுபோல் பின்வாங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமிப் பெட்டியா?"

எங்கள் பக்கத்தில் சில குடும்பங்களில் குலசாமியின் உடுப்பும் சாமானும் வைத்த பெட்டி வீட்டிலேயே இருக்கும். துணியால் மூடி வைத்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தரம்தான் திறப்பார்கள். பெரியம்மா அதைத்தான் நினைத்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன். மருமகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"பேரு சொல்லக் கூடாத சாமி போல" என்று பெரியம்மாவே முடிவு கட்டினார். முழங்கால் மடக்கி விழுந்து கும்பிட்டார். எழுந்தவர், விளக்கடியில் இருந்த தட்டில் மோதிர விரலைத் தோய்த்து, அந்தக் காவியும் விளக்கெண்ணெயும் கலந்த குழம்பை நெற்றியில் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டார். கூட வந்த பெண்களும் வரிசையாக வைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அத்தான் வந்தார். பெரியம்மாவின் நெற்றியைப் பார்த்தார். அவருடைய இடது கண் மூடத் தொடங்கியது. நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், கடைசியில் கும்பிடவும் செய்தேன்.

"ஒரு நூல் வலது பக்கம் தள்ளியிருக்கு" என்றார் அத்தான்.

சம்பந்தம் போச்சு, நான் இனி ராஜபாளையத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று நினைத்தேன். பெரியம்மா அத்தானை உற்றுப் பார்த்தார். அந்த ஒற்றைக் கண்ணையும், நீட்டிய கட்டைவிரலையும் பார்த்தார். "சாமி வந்து சொல்லுதாக" என்று பயபக்தியோடு பொட்டைச் சரி பண்ணிக்கொண்டார். "இப்படி நேம நிஷ்டையான வீட்டுல பொண்ணு எடுக்கக் குடுத்து வச்சிருக்கணும். ஏட்டி, பொண்ணக் கூப்பிடு."

சம்பந்தம் முடிந்தது. தையில் கல்யாணம். பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ராவுத்தர் வண்டி வந்து நின்றது. அவர் உள்ளே எட்டி, பட்டையும் விளக்கையும் பொட்டு வைத்த பெண்களையும் பார்த்து, ஒன்றும் புரியாமல் தொப்பியைச் சரி பண்ணினார். "பொறவு வாங்க ராவுத்தரே" என்றாள் அக்கா. "சரி தாயி" என்று மெதுவாகப் பின்வாங்கிப் போய்விட்டார்.

லேத்து தப்பியது. அத்தானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் போகும்போது பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"கல்யாணம் நல்லபடியா முடியணும்னு இந்தச் சாமிக்கு ஒரு பட்டு நேந்திருக்கேன். நான் வந்து சாத்துத வரைக்கும் யாரும் தொறக்கப்புடாது, தொடப்புடாது."

அதோடு போச்சு. குலசாமியை யாராவது கழற்றிச் சுரண்டுவார்களா? தேவதானத்திலிருந்து வாரத்துக்கு ஒருவர் வந்தார்கள். பையனின் சித்தி, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரி என்று, ராஜபாளையம் சந்தைக்கு வருகிறவர்களெல்லாம் ஒரு நடை இங்கேயும் வந்து, தேங்காய் உடைத்துத் தண்ணீரைப் பட்டின் மேல் தெளித்துவிட்டுப் போனார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வருவார்கள் என்பதால் அக்கா பட்டை எடுக்க விடவில்லை. எடுத்தால் கல்யாணம் நிற்கும் என்ற பயம்.

அத்தானுக்கோ வேறு பயம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுரண்டிப் பளபளக்க வைத்த இரும்பு, எண்ணெய் இல்லாமல், ஈரத் துணிக்கு அடியில் கிடக்கிறது. "துரு விழுந்துரும் மச்சான், எல்லாம் போயிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெயில் தோய்த்த துணியைக் கையில் மறைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பட்டுக்கு அடியில் கையை விட்டு மெதுவாகத் தடவுவார். ஒருநாள் அப்படித் தடவும்போது பையனின் சித்தி வந்துவிட்டாள். "எம்புட்டுப் பக்தி!" என்று அவளும் பக்கத்தில் நின்று கண்ணீர் விட்டாள். அவள் போகும்வரை அத்தானால் கையை எடுக்க முடியவில்லை. எடுத்துப் பார்த்தபோது துணியில் செம்மண் நிறம். துரு ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்துபோய்விட்டது. நான் போனால் கதவை மூடிப் பார்ப்பதில்லை. காலண்டர் சாய்ந்து தொங்கியது. ஒருநாள் அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏலே, எனக்குப் பயமா இருக்குலே. தோசைய இலங்கை மாதிரி ஊத்திப் போட்டேன். பேசாமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ. இன்னைக்குப் பொட்ட வேணும்னே கோணலா வச்சுக்கிட்டு முன்னாலயும் பின்னாலயும் நடந்தேன். பாக்காவ, ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அத்தனை வருஷம் அவளை வதைத்த ஒரு நூல் இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கார்த்திகையில் பெரியம்மா வந்தார். கையில் பட்டு. பின்னால் ஒருத்தி தலையில் பித்தளைச் செம்பு, செம்பு நிறைய பால். பட்டைச் சாத்துவதற்கு முன் பெட்டிக்குப் பாலாபிஷேகமாம். அத்தான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறக்கவில்லை. மகள் கல்யாணமாயிற்றே. ஆனால் பெரியம்மா செம்பைக் கையில் வாங்கியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒற்றைக் கண்ணை அல்ல, இரண்டையும்.

பெரியம்மா செம்பைச் சாய்த்தார்.

"மதினி, பால ஊத்தாதிய!" என்று அக்கா கத்தினாள்.

"ஏன் தாயி? எதுவும் தீட்டா?"

"துருப் புடிச்சிரும்."

"சாமிக்கா?"

அக்கா பட்டை ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டாள். லேத்து எல்லார் முன்னாலும் நின்றது. முதுகில் அங்கங்கே தேமல் மாதிரி துரு. யார் என்ன சொல்வார்கள் என்று பார்க்காமல் அத்தான் ஓடிப்போய், வேட்டித் தலைப்பால் அதைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அக்கா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். சகடை, அச்சு, வேப்பமரம், ராவுத்தர், கரி பஸ், எல்லாம். "சம்பந்தம் வேண்டாம்னாலும் சொல்லிருங்க மதினி. அதுக்காவ இவியள இப்படிப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது" என்றாள்.

பெரியம்மா லேத்தைச் சுற்றி வந்தார். "இது என்ன செய்யும்?"

"மிதிச்சா ஓடும்."

"மிதி பாப்போம்."

"மிதிக்காதட்டி, இன்னும் ஒரு நூல் இருக்கு..." என்று அத்தான் அந்த நேரத்திலும் பதறினார். எனக்கு உயிர் வந்தது.

"அந்த நூலு அங்கனயே இருக்கட்டும்" என்று அக்கா சேலையைச் செருகிக்கொண்டு மிதியில் காலை வைத்து அழுத்தினாள். பெரிய சக்கரம் முதலில் தயங்கியது. அப்புறம் திரும்பியது. தோல் வார் ஓட, மேலே இரும்பைப் பிடிக்கிற தலை சுழல, லேத்து முழுவதும் மெல்ல முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஒரு கீச்சுச் சத்தம் இல்லை. அத்தான் துணியைக் கையில் பிடித்தபடி, வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

பெரியம்மா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப அன்னைக்கு நான் நெத்தியில வச்சது?"

"காவியும் வெளக்கெண்ணெயும்" என்றேன் நான்.

"அதான் எத்தன தேச்சும் போகலையா? அத எதுக்கு வச்சிருக்கிய?"

"மேடு எங்கன இருக்கோ அங்கதான் ஒட்டும்" என்று அத்தான் ஆர்வமாக விளக்கினார்.

"என் நெத்தியில நல்லா ஒட்டுச்சே!" என்றார் பெரியம்மா. முதலில் சிரித்தது அவர்தான். அந்தச் சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். "பொங்கலுக்கு நாங்க கலப்பையையும் மம்பட்டியையும் கும்பிடத்தான் செய்யுதோம். இதையும் கும்பிட்டதுல ஒண்ணும் கொறைஞ்சு போகல. சாமிக்குன்னு கொண்டாந்த பால திருப்பிக் கொண்டு போகப்புடாது. ஏட்டி, அடுப்ப மூட்டிக் காப்பி போடு." பட்டை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். "நேந்தது நேந்ததுதான். இத ஓட்டுனவ நீ, நீயே உடுத்திக்க."

துருவை எடுக்க அத்தானுக்கு மார்கழி முழுக்க ஆயிற்று. அப்புறம் அக்கா மிதிக்க, அவர் அச்சைக் கடைந்தார். சகடையில் அதை மாட்டிய பிறகு தெருக்காரர்கள் வரிசையாக வந்து, "அக்கா ஊருக்குப் போயிருக்காகளா? வெடிஞ்சதே தெரியல" என்று விசாரித்தார்கள்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் மகளைக் கட்டிக்கொண்டு அக்கா அழுதாள். அந்தப் புதுப் பட்டின் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பொட்டு புருவத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டது. நூலாவது, அரை அங்குலமே இருக்கும். எதிரே அத்தான் நின்றார். பழக்கத்தில் அவளுடைய விரல் நெற்றிக்குப் போயிற்று.

"பொட்டு சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

அத்தானின் இடது கண் மூடியது. தலை பின்னால் போயிற்று. கட்டைவிரல்கூட நீண்டது. நான் காத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் கண்ணைத் திறந்து, அவளை இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"பரவாயில்லட்டி" என்றார்.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏலே, ஒங்க அத்தான் நெத்தியத் தொட்டுப் பாருலே. காய்ச்சல் அடிக்குதான்னு."